ஒரு நாள் எழும்பும், மறுநாள் எழும்பாது: சங்கத்துக் கணனியின் வந்து போகும் மின்கோளாறு

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் எமது விவசாயக் குடும்பங்கள், இடம்பெயர்ந்து மீண்டு வந்தவையாயினும் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாதவையாயினும், ஒரு விடயத்தை அனுபவத்தால் கற்றிருக்கின்றன. நெல் போனால் அடுத்த போகத்தில் விதைக்கலாம். கடதாசி போனால் காணியே போய்விடலாம். 1990இல் ஓடியவர்களும், 2004 மார்கழி 26இல் கடல் கொண்டுபோனதைக் கண்டவர்களும், 2006இன் பிற்பகுதியில் வாகரையிலிருந்தும் 2007இன் முற்பகுதியில் படுவான்கரையிலிருந்தும் வெளியேறியவர்களும் காணி உத்தரவுப் பத்திரத்துக்காகவும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்காகவும் எத்தனை கந்தோர்களில் ஏறி இறங்கினார்கள் என்பதை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இன்று இத்தகைய விபரங்களில் பல கணனிக்குள் இருக்கின்றன. கமக்காரர் அமைப்பின் அங்கத்தவர் பட்டியல், மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, நட்டஈட்டு விண்ணப்பங்களின் பிரதிகள், பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்கள், பிள்ளைகளின் பாடவேலை எல்லாம் ஒரே பெட்டிக்குள். சில இடங்களில் அந்தப் பெட்டி சுனாமிக்குப் பின்னர் நன்கொடையாக வந்தது. வேறு சில இடங்களில், 2000களின் நடுப்பகுதியில் அரசாங்கம் ஆரம்பித்த நெனசல என்னும் அறிவகத் திட்டத்தின் வழியாகக் கிராமத்துக்கு வந்தது. எப்படி வந்ததாயினும், அது இயங்காத நாளில் முழுக் கிராமத்தின் அலுவலும் நின்றுவிடுகின்றது.

ஆகவே இக்கட்டுரையில், சுவிச்சை அழுத்தினால் சில வேளை எழும்பி, சில வேளை எழும்பாமல் இருக்கும் மேசைக் கணனியின் கோளாறைப் பற்றி நோக்குவோம். நாம் சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வதற்குக் கணனிக் கல்வி தேவையில்லை. பொறுமையும் ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும்.

முறைக்காய்ச்சலைப் போன்ற நோய்

முற்றாகப் பழுதடைந்த இயந்திரத்தைத் திருத்துவது இலகு. வந்து போகும் பழுதே கடினமானது. ஏனெனில் நாம் கடைக்குக் கொண்டுபோகும் வேளையில் அது நல்ல பிள்ளையைப் போல இயங்கும். திருத்துநர் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்து, பிழையொன்றும் இல்லையென்று திருப்பித் தருவார். அல்லது ஊகத்தில் ஏதாவதொரு பாகத்தை மாற்றி அதற்குக் காசு வாங்குவார். வீட்டுக்கு வந்த மறுநாள் பழைய கதைதான்.

எமது முதியவர்கள் முறைக்காய்ச்சலை நன்கு அறிவார்கள். இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. எனினும் அதற்கு முந்திய தலைமுறைகள் அந்த நோயோடுதான் காடு வெட்டி வயல் செய்தன. காய்ச்சல் ஒரு நாள் வரும், மறுநாள் ஆள் எழும்பி நடமாடுவார். அவரைக் கண்ட வைத்தியர் முதலில் கேட்டது என்ன? எந்த நாளில் வந்தது, எத்தனை மணிக்கு நடுக்கம் தொடங்கியது, எத்தனை நாள் இடைவெளி என்பவையே. நோய் எப்போது வருகின்றது என்ற கணக்கே அது இன்ன நோயென்று காட்டிக்கொடுத்தது. கணனியின் வந்து போகும் கோளாறும் இவ்வாறே. அதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் தன்னை நேரத்தாலும் சூழலாலும் காட்டிக்கொள்கின்றது. கடைக்காரர் அதனைக் காணமாட்டார். கணனியோடு இருக்கும் நாமே காணலாம்.

முதல் வேலை: கொப்பி

எனவே கணனிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியை நூலிற் கட்டித் தொங்கவிடுங்கள். கணனியைப் போடுபவர் யாராயினும், அது எழும்பினாலும் எழும்பாவிட்டாலும், பின்வருவனவற்றை ஒரே வரியில் எழுத வேண்டும்.

1. திகதியும் நேரமும்.
2. முதல் அழுத்திலேயே எழும்பியதா, எத்தனையாவது அழுத்தில் எழும்பியது?
3. அதற்கு முன் எவ்வளவு நேரம் நிறுத்தப்பட்டிருந்தது? பிளக் கழற்றப்பட்டிருந்ததா?
4. மழையா, வெயிலா? அறையின் மின்குமிழ் பிரகாசமாக எரிந்ததா, மங்கியதா?
5. எழும்பாதபோது என்ன கண்டோம், என்ன கேட்டோம்?

எழும்பிய நாட்களையும் எழுதவேண்டுமென்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. எழும்பாத நாட்களை மாத்திரம் எழுதினால், எழும்பிய நாளுக்கும் அந்த நாளுக்கும் உள்ள வேறுபாடு தெரியாது. இரண்டு கிழமை எழுதினால் போதும். பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தென்படும்.

துருசும் வட்டை விதானையும்

கொப்பியை வாசித்து விளங்கிக்கொள்வதற்கு, சுவிச்சை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கின்றதென்று சிறிது அறிந்திருத்தல் நல்லது.

மின்விளக்கின் சுவிச் மின்சாரத்தை நேரடியாக விடும் அல்லது மறிக்கும். கணனியின் முன்புறத்திலுள்ள சுவிச் அப்படிப்பட்டதன்று. 1995இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட ஏரிஎக்ஸ் என்னும் அமைப்பைப் பின்பற்றிய கணனிகளில் அந்தச் சுவிச் ஒரு செய்தியை மட்டுமே அனுப்புகின்றது. இதனைக் குளத்து நீர்ப்பாய்ச்சலோடு ஒப்பிடலாம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் மின்சாரம் உன்னிச்சைக் குளத்து நீர் போன்றது. பவர் சப்ளை என்று திருத்துநர் சொல்லும் மின்வழங்கிப் பெட்டி துருசு போன்றது. அது 230 வோல்ற்றை 12, 5, 3.3 வோல்ற் என்னும் சிறு வாய்க்கால்களாகப் பிரித்து மதர்போட் என்னும் தாய்ப்பலகைக்கு அனுப்புகின்றது. கணனி நிறுத்தப்பட்டிருக்கும்போதும் 5 வோல்ற் கொண்ட ஒரு சிறு கசிவு மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கசிவே வட்டை விதானையை விழித்திருக்க வைக்கின்றது.

நாம் சுவிச்சை அழுத்தும்போது வட்டை விதானைக்குச் செய்தி போகின்றது. அவர் துருசைத் திறக்கச் சொல்கின்றார். துருசு திறந்து, வாய்க்கால்களில் நீர் சரியான மட்டத்துக்கு வந்துவிட்டதென்று மின்வழங்கி மறுசெய்தி அனுப்பினால் கணனி எழும்பும். மட்டம் சரியில்லையென்றால் துருசு உடனே மூடப்படும்.

இதிலிருந்து எழும்பாமைக்கு மூன்று தோற்றங்கள் உண்டென்பது விளங்கும்.

முதலாவது, எந்த வெளிச்சமும் இல்லை, விசிறியும் அசையவில்லை. குளத்து நீரே வரவில்லை, அல்லது கசிவு வற்றிவிட்டது, அல்லது சுவிச்சின் செய்தி போய்ச் சேரவில்லை.

இரண்டாவது, விசிறி ஒரு கணம் சுழன்று நின்றுவிடுகின்றது. துருசு திறந்தது, மட்டம் சரியில்லாமல் மூடிக்கொண்டது. மின்வழங்கியின் தளர்ச்சியோ உள்ளே எங்காவது மின் ஒழுக்கோ இருக்கலாம்.

மூன்றாவது, விசிறி சுழல்கின்றது, வெளிச்சம் எரிகின்றது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லை. நீர் வந்துவிட்டது, வயலில்தான் பிரச்சினை. பெரும்பாலும் நினைவகத் தட்டின் தொடுகை, அல்லது திரையின் வயர்.

இம்மூன்றில் எது என்பதைக் கொப்பியின் ஐந்தாவது கேள்வியில் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெளியிலிருந்து உள்ளே

நற்செய்தியிலே காசைத் தொலைத்த பெண் விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடியதாக ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். அவள் ஓடித் திரியவில்லை. மூலை மூலையாகப் பெருக்கினாள். கணனியிலும் அவ்வாறே, சுவரிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போக வேண்டும். காசு செலவாகாத இடங்கள் முதலில், செலவாகும் இடங்கள் பின்னர். ஒரு தடவையில் ஒன்றை மாத்திரம் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், சுகம் எதனால் வந்ததென்று தெரியாமற் போகும்.

சுவர்: அதே பிளக் பொயின்ற்றில் ஒரு மேசை விளக்கைச் செருகி எரிகின்றதா என்று பாருங்கள். பிளக்கை இலேசாக அசைக்கும்போது விளக்கு மினுங்கினால் உள்ளேயுள்ள பித்தளைத் தகடுகள் தளர்ந்துவிட்டன. மின்வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு மாற்றுவியுங்கள். எமது வீடுகளில் வட்டக்கால் பிளக்கும் சதுரக்கால் பிளக்கும் கலந்திருக்கின்றன. சதுரத் துளையின் மேற்கண்ணைத் தீக்குச்சியாலோ பேனையாலோ நெம்பித் திறந்து, வட்டக்கால் பிளக்கைச் செருகும் பழக்கமும் உண்டு. இது ஆபத்தானது மட்டுமன்று, வந்து போகும் கோளாறுக்குப் பிறப்பிடமும் இதுவே. அந்த இரு கால்களும் தகடுகளை முழுமையாகப் பற்றுவதில்லை. புவித் தொடுப்பும் கிடைப்பதில்லை. சதுரக்கால் பிளக்குக்குள் ஒரு உருகி இருக்கின்றது. அதன் இரு முனைகளையும் பிடிக்கும் தகடு தளர்ந்தாலும் மின்சாரம் வந்து வந்து போகும்.

எக்ஸ்ரென்சன் வயர்: அதைக் கழற்றி வைத்துவிட்டு, கணனியை நேரே சுவரில் செருகிச் சில நாட்கள் பாருங்கள். மலிவான எக்ஸ்ரென்சன் வயரின் சிறு சுவிச்சே குற்றவாளியாக இருப்பதுண்டு.

கணனியின் பின்புற வயர்: மூன்று துளையுள்ள அந்த வயரின் தலை பெட்டிக்குள் இறுக்கமாக இருக்க வேண்டும். மேசையை இழுக்கும்போதும் கூட்டித் துடைக்கும்போதும் அது சிறிது வெளியே வந்துவிடும். வேறொரு கணனியின் வயரை மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பின்புறச் சுவிச்: மின்வழங்கியின் பின்புறத்தில் கோடும் வட்டமும் போட்ட சிறு சுவிச் இருக்கலாம். கோட்டுப் பக்கம் அழுத்தியிருக்க வேண்டும். பழைய பெட்டிகளில் 115 என்றும் 230 என்றும் எழுதிய சிவப்புத் தெரிவும் இருக்கும். அது 230இல் இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக 115இற்குத் தள்ளிவிட்டுக் கணனியைப் போட்டால் மின்வழங்கி வெடிக்கும்.

யூபிஎஸ்: மின்தடையின்போது கணனியைச் சிறிது நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி இது. எமது பகுதியில் மிகுதியாக ஏமாற்றுவது இதுவே. அதன் ஈய அமிலப் பற்றரிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள். முற்றாக வடிந்து, வடிந்த நிலையிலேயே கிடந்தால் அந்த ஆயுளும் குறையும். 2022 பங்குனி இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்ததை நாம் மறக்கவில்லை. அக்காலத்தில் எத்தனையோ பற்றரிகள் இவ்வாறு கெட்டன. வெளியே பச்சை விளக்கு எரிவதைக் கொண்டு பற்றரி நலமென்று எண்ணலாகாது. யூபிஎஸ்ஸை விலக்கி, கணனியை நேரே சுவரில் செருகிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

நெல் ஆலையும் யூபிஎஸ்ஸும்

கொப்பியின் பயனை ஒரு உண்மை நிகழ்வால் விளக்குவோம். படுவான்கரையில் நாம் பணியாற்றும் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றின் கமக்காரர் அமைப்பிடம் ஒரு கணனி இருந்தது. சில நாட்களில் அது எழும்பவே இல்லை. இரண்டு தடவை பஸ்சிலே ஏற்றி நகரத்துக் கடையொன்றுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரண்டு தடவையும் இயங்கியது. மூன்றாவது தடவை, தாய்ப்பலகை பழுதாகியிருக்கலாம், புதிதாக வாங்குவதே நல்லதென்று சொல்லப்பட்டது. விதைநெல்லுக்காகச் சேர்த்த பணத்தை எடுப்பதா என்று கூட்டம் கூடிப் பேசும் நிலை வந்தது.

அமைப்பின் செயலாளருடைய மகள் உயர்தரம் படிப்பவர். நாம் கேட்டுக்கொண்டபடி அவர் 14 நாட்கள் கொப்பி எழுதினார். எழும்பாத நாட்கள் ஆறு. ஆறும் முற்பகல் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில். பின்னேரங்களில் ஒரு நாளும் தவறவில்லை. நான்காவது கேள்விக்கு நேரே, அந்த ஆறு வரியிலும் மின்குமிழ் மங்கல் என்று இருந்தது. கிராமத்தின் நெல் ஆலை ஓடியது அந்த நேரத்திலேதான்.

காரணம் தெளிவாயிற்று. மின்கம்பியின் கடைக்கோடியிலுள்ள கிராமம் அது. ஆலையின் மோட்டர் ஓடும்போது மின்னழுத்தம் விழுந்தது. எமது நாட்டில் வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ற். அதிலிருந்து நூற்றுக்கு ஆறு கூடலாம் அல்லது குறையலாம் என்பது விதி. அதற்கும் கீழே போனதும் யூபிஎஸ் தன் கடமைப்படி சுவர் மின்சாரத்தை விட்டுப் பற்றரிக்கு மாறியது. பற்றரியோ செத்துப்போயிருந்தது. ஆகவே கணனிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நகரத்துக் கடைக்கோ கணனிப் பெட்டியை மாத்திரம் கொண்டுபோனார்கள், யூபிஎஸ்ஸைக் கொண்டுபோகவில்லை. அங்கே மின்னழுத்தமும் நன்றாக இருந்தது. பின் எவ்வாறு பழுது தெரியும்?

யூபிஎஸ்ஸுக்குப் புதிய 12 வோல்ற் பற்றரி போடப்பட்டது. மின்னழுத்தக் குறைவைப் பற்றி, கொப்பியின் பிரதியோடு மின்சாரக் கந்தோருக்குக் கடிதம் எழுதப்பட்டது. விதைநெல்லுப் பணம் விதைநெல்லுக்கே போயிற்று. திகதியும் நேரமும் எழுதிய ஒரு கடிதத்துக்கும், எங்கள் ஊரில் கரண்ட் சரியில்லை என்ற வெறும் முறைப்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எமது சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

பெட்டியைத் திறக்கும் முன்

வெளியே எல்லாம் சரியாயிருந்தும் கோளாறு தொடர்ந்தால், பக்கத் தகட்டைத் திறக்கலாம். அதற்கு முன்னர் சுவரிலிருந்து வயரைக் கழற்றி, முன்புறச் சுவிச்சை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மீதமுள்ள மின்னேற்றம் பெரும்பாலும் வடிந்துவிடும். ஈரக் கையோடும் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடும் வேலை செய்யலாகாது. உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள். எமது உடலிலுள்ள நிலைமின்னேற்றம் நுண்ணிய பாகங்களைக் கெடுக்காதிருக்க இது உதவும்.

மின்வழங்கிப் பெட்டியை மாத்திரம் எக்காரணங்கொண்டும் திறக்கக் கூடாது. அதனுள்ளே 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னேற்றம் தேங்கியிருக்கும். வயரைக் கழற்றிய பின்னரும் அது சில நேரம் நிற்கலாம். உயிர் போகக்கூடிய இடம் அது.

கணனியின் இரும்புப் பெட்டியைத் தொடும்போது சுர்ரென்று உணர்ந்தால், புவித் தொடுப்பு இல்லையென்று அர்த்தம். அவசரத்தில் கட்டி முடித்த வீடுகளில் இக்குறை இருக்கக்கூடும். கணனியைத் திருத்துவதற்கு முன்னர் அந்த வயரிங்கைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு திருத்துவியுங்கள். பிள்ளைகள் தொடும் பொருள் அது.

உள்ளே பார்க்க வேண்டியவை

தூசியும் உயிரினங்களும்: கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூசியும், மாரியில் ஈரமும் உள்ளே சேர்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மின்சாரம் போகக்கூடாத பாதையால் ஒழுகும். சூடு தேடிப் பல்லியும் எறும்பும் கரப்பானும் குடிபுகும். பலகையின்மீது இறந்து கிடக்கும் ஒரு பல்லி போதும், ஈரமான காலையில் கணனியை மறிப்பதற்கு. மென்மையான, காய்ந்த தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். பின்புறத்தில் திறந்து கிடக்கும் இடைவெளிகளைத் தகட்டால் மூடுங்கள். காற்றுத் துளைகளை மூடாதீர்கள்.

முன்புறச் சுவிச்: அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் தாய்ப்பலகையின் ஓரத்துக்குப் போகும். வாவிக்கரையின் உப்புக் காற்றில் சுவிச்சின் உட்தகடு கறுத்துப்போகும். அழுத்தி அழுத்திப் பார்த்தாற்தான் எழும்பும் என்றால் இதனைச் சந்தேகிக்கலாம். மீளத் தொடக்கும் சிறு சுவிச் இருந்தால், அதன் வயரைப் பவர் சுவிச்சின் இடத்தில் செருகி, அதனை அழுத்திக் கணனியைப் போட்டுப் பாருங்கள். பல நாட்கள் தவறாமல் எழும்பினால் பழைய சுவிச்தான் காரணம். செலவின்றித் திருத்தமும் முடிந்தது.

யூஎஸ்பி துளை: பென்ட்ரைவ் செருகும் முன்புறத் துளைக்குள் ஊசி வளைந்து ஒன்றோடொன்று முட்டினால் கணனி எழும்பாது. வெளிச்சம் பிடித்து உள்ளே பாருங்கள்.

நினைவகத் தட்டு: மூன்றாவது தோற்றத்துக்கு, அதாவது விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பதற்கு, இதுவே முதற் சந்தேகம். இரு பக்கக் கொளுக்கிகளையும் விலக்கித் தட்டைக் கழற்றி, பொன்னிறப் பற்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, கொளுக்கி தானாகப் பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள். உப்புக் காற்றுள்ள கிராமங்களில் மாரி தொடங்க முன்னர் ஒரு தடவை இதனைச் செய்தல் நன்று.

சிறு நாணயப் பற்றரி: தாய்ப்பலகையில் சிஆர் 2032 என்று பொறித்த 3 வோல்ற் வட்டப் பற்றரி ஒன்று இருக்கும். திகதியும் நேரமும் ஒவ்வொரு நாளும் பிழையாகக் காட்டினால் அது தீர்ந்துவிட்டது. சில பழைய பலகைகள் அதனால் எழும்பவும் மறுக்கும். மலிவான பொருளாகையால் மாற்றிப் பார்ப்பதில் நட்டமில்லை.

குளிர்ந்த காலையில் மட்டும் எழும்பாத கணனி

கொப்பியில் இன்னுமொரு ஒழுங்கு அடிக்கடி தென்படும். இரவு முழுதும் பிளக் கழற்றப்பட்டிருந்தால் காலையில் நான்கு, ஐந்து தடவை அழுத்தினாற்தான் எழும்பும். ஒருமுறை எழும்பிவிட்டால் அன்று முழுதும் குறையில்லை. இது பெரும்பாலும் முதுமையின் அடையாளம். மின்வழங்கியிலும் தாய்ப்பலகையிலும் சிறு உருளை வடிவில் கொள்ளளவிகள் உண்டு. கப்பாசிற்றர் என்று திருத்துநர் சொல்வர். அவற்றுள் இருக்கும் திரவம் ஆண்டுகள் செல்ல வற்றும். வற்றியவை குளிரில் சோம்பும், சூடேறினால் சற்றுத் தேறும். நாள் செல்ல ஐந்து அழுத்து பத்தாகும். பின்னர் ஒரு நாள் முற்றாக நின்றுவிடும். இத்தகைய கணனி முன்கூட்டியே எச்சரிக்கை தருகின்றது. அதனை அலட்சியம் செய்யலாகாது.

உலகளவிலும் இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை, பெரும்பாலும் தாய்வானில் செய்யப்பட்ட ஒரு வகைக் கொள்ளளவிகளின் திரவம் பிழையான கலவையாக இருந்தது. பல நிறுவனங்களின் கணனிகள் வயதுக்கு முன்னரே நோயுற்றன. டெல் நிறுவனம் ஒப்ரிபிளெக்ஸ் ஜிஎக்ஸ் 270, 280 ஆகிய மாதிரிகள் தொடர்பாகத் திருத்தச் செலவுக்கென 2005இல் 30 கோடி அமெரிக்க டொலரை ஒதுக்க நேர்ந்தது. வெளிநாடுகளில் கழித்து, வறிய நாடுகளுக்கு நன்கொடையாக அனுப்பப்படும் பழைய கணனிகளில் அக்காலத்துப் பெட்டிகளும் இருக்கலாம். உங்களுடையது அப்படியா என்று அறிய, தாய்ப்பலகையிலுள்ள உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருந்தால் நலம். அப்பம்போல் மேலெழும்பியிருந்தாலோ, மண்ணிறப் பிசின் கசிந்திருந்தாலோ அது நோயுற்றது. இனி நன்கொடைக் கணனி ஏற்கும் சங்கங்கள், கையொப்பமிடும் முன் பெட்டியைத் திறந்து இந்தத் தலைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

மின்வழங்கியை மாற்றுவது ஒரு கணனி வாங்குவதைவிட எத்தனையோ மடங்கு மலிவு. கடையில் நல்லதொன்றை இரவலாகப் பொருத்தி, சோதித்துவிட்டு வாங்குவதே முறை. பெயரில்லாத மிக மலிவான பெட்டிகளைத் தவிருங்கள். நன்றாயிருக்கும் தாய்ப்பலகையையும் அவை கெடுக்கக்கூடும்.

இதற்கு எதிரான ஒழுங்கும் உண்டு. காலையில் எழும்பி, மத்தியான வெப்பத்தில் தானாக நின்று, ஆறிய பின்னரே மீண்டும் எழும்பினால் அது சூட்டின் கோளாறு. விசிறியும் தூசியும் பார்க்கப்பட வேண்டும்.

மின்னலும் வெள்ளமும் மின்வெட்டும்

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் எமது பகுதியில் பின்னேர இடிமின்னல் வழக்கமானது. இருளத் தொடங்கியதும் சுவிச்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையே சுவரிலிருந்து கழற்ற வேண்டும். இணைய வயரையும் கழற்ற வேண்டும். மின்சாரம் போன வேளையிலும் அவ்வாறே. 2025 மாசி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட தடங்கலால் நாடு முழுதும் இருண்டதை நினைவுகூரலாம். மின்சாரம் திரும்பும் முதல் நிமிடங்களில் அழுத்தம் ஏறி இறங்கும். கால் மணித்தியாலம் பொறுத்துச் செருகுங்கள்.

2011 தை மாத வெள்ளத்தை அறிந்த கிராமங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கணனிப் பெட்டி தரையில் இருக்கலாகாது. நீரில் நனைந்த பெட்டியை, காய்ந்ததுபோலத் தோன்றினாலும், போட்டுப் பார்க்காமல் திருத்துநரிடம் கொண்டுபோங்கள்.

பழைய யூபிஎஸ் பற்றரியை வாவியிலோ குப்பையிலோ எறியாதீர்கள், எரிக்கவும் வேண்டாம். அதிலுள்ள ஈயம் மண்ணையும் மீனையும் பிள்ளைகளையும் நஞ்சாக்கும். பழைய பற்றரியை எடுத்துக்கொள்ளும் கடையில் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போகும்போது

1. கொப்பியைக் கொண்டுபோங்கள். அதை வாசிக்கும்வரை பெட்டியைத் திறக்க விடாதீர்கள்.
2. பின்புற வயர், எக்ஸ்ரென்சன் வயர், யூபிஎஸ் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.
3. எந்தப் பாகம் மாற்றப்பட்டதென்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பி வாங்குங்கள்.
4. உள்ளேயுள்ள பதிவுகளை அழிக்கக் கூடாதென்று முதலிலேயே சொல்லுங்கள்.

இந்த நான்காவதைப் பற்றிச் சிறிது விளக்க வேண்டும். கணனி எழும்பவில்லையென்றால் எமது பட்டியல்கள் அழிந்துவிட்டன என்று மக்கள் அழுததை நாம் கண்டிருக்கின்றோம். மின்கோளாறு வேறு, பதிவு வேறு. பதிவுகள் வன்தட்டு என்னும் தனிப் பாகத்தில் இருக்கின்றன. கணனி ஒருபோதும் எழும்பாமற் போனாலும், பெரும்பாலும் வன்தட்டைக் கழற்றி வேறொரு கணனியில் பொருத்தி எல்லாவற்றையும் எடுக்கலாம். எழும்பாமைக்காகப் பதிவுகளை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டுமென்று யாராவது சொன்னால், இரண்டாவது ஆளிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். அத்துடன் அதில் எமது மக்களின் அடையாள அட்டை இலக்கமும், காணி விபரமும், யார் எங்கே வாழ்கின்றார் என்பதும் இருக்கின்றன. முடிந்தால் வன்தட்டைக் கழற்றிச் சங்கத்திலேயே வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் கடையில் விடுங்கள்.

இவ்வாரமே செய்ய வேண்டியது

உங்கள் கணனி இன்று நன்றாக இயங்குகின்றதாயின், இன்றே பதிவுகளை இரண்டு பென்ட்ரைவில் பிரதி எடுங்கள். ஒன்று சங்கத்தின் அலுமாரியில் இருக்கட்டும். மற்றது வேறொரு பொறுப்பான அங்கத்தவர் வீட்டில், தண்ணீர் புகாத பொலித்தீன் பையில், குடும்ப அட்டையோடும் காணி உத்தரவோடும் இருக்கட்டும். மாதத்தின் முதற் சனிக்கிழமை இரண்டையும் புதுப்பியுங்கள். முக்கியமான பட்டியல்களைக் கடதாசியிலும் அச்சிட்டு வையுங்கள். கடதாசிக்கு மின்சாரம் தேவையில்லை. ஓடிப்போக நேர்ந்த நாட்களில் ஒரு பையோடு வெளியேறிய எமது தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்.

எழும்பாத கணனியைப் பற்றி அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். கிராமத்துப் பணத்தில் பெரிய தொகையை எடுக்கும் முன் இரண்டு கிழமை கொப்பி எழுதுங்கள். சுவரிலிருந்து தொடங்குங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். படித்த பிள்ளைகளோடு முதியவர்களும் சேர்ந்து இதனைச் செய்யட்டும். மின்குமிழ் மங்கியதை ஒருவர் காண்பார். ஆலை ஓடியதை இன்னொருவர் கேட்டிருப்பார். இருவரும் ஒரே கொப்பியில் எழுதும்போதே கோளாறின் காரணம் வெளிப்படும்.